சாயங்காலம் ஆனாலே சிடுசிடுப்பு: வயிறா, மனசா?

மொட்டைமாடி:
நாலைந்து மாதமாக இதைக் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். நேற்று நடந்ததற்கு அப்புறம் தள்ளிப்போட முடியவில்லை.

என் மகளுக்கு ஒன்பது வயது. நேற்று சாயங்காலம் ஐந்தரை மணிக்கு, பென்சில் சீவும் ஷார்ப்னரைக் காணோம் என்று வந்து நின்றாள். அவ்வளவுதான். நான் கத்திய கத்தலில் அவள் கையில் இருந்த பென்சிலைக் கீழே போட்டுவிட்டாள். பத்து நிமிடம் கழித்துக் குளியலறையில் உட்கார்ந்து நான் அழுதுகொண்டிருந்தேன். ஷார்ப்னர் அவள் நோட்டுக்குள்ளேயே இருந்தது.

என் நாள் இப்படித்தான் போகும்: காலையில் ஒரு காபி, சாப்பாடு கிடையாது. பதினொரு மணிக்கு இன்னொரு காபி. வேலை இருந்தால் மதியச் சாப்பாடு மூன்று மணி ஆகிவிடும், சில நாள் நாலு பிஸ்கட்டோடு முடிந்துவிடும். நாலு மணிக்கு ஒரு காபி, ஆறு மணிக்கு இன்னொன்று. இரவில்தான் வயிறு நிறையச் சாப்பிடுகிறேன். தூக்கம் சரியாக வருவதில்லை. காரணமே இல்லாமல் எரிச்சல், சில நாள் வெறுமை.

ஒரு வீடியோவில், மனநிலையோடு சம்பந்தப்பட்ட செரட்டோனின் என்ற ரசாயனத்தில் 95 சதவீதம் குடலில்தான் உற்பத்தி ஆகிறது, அதனால் குடலைச் சரிசெய்தால் மனசு தானாகச் சரியாகிவிடும் என்றார்கள். கடைசியில் ஒரு மாத்திரை டப்பாவைக் காட்டினார்கள். வாங்கலாமா? சாப்பாட்டுக்கும் மனசுக்கும் உண்மையிலேயே சம்பந்தம் இருக்கிறதா, அல்லது நான் சாக்கு தேடுகிறேனா?

நடுப்பக்கம்:
பசி வந்தால் பத்தும் பறந்து போகும் என்று சும்மாவா சொன்னார்கள்? பதினொன்றாவதாக உங்கள் ஷார்ப்னர் பறந்திருக்கிறது. முதலில் மதியம் சாப்பிடுங்கள் சகோ.

குடுவை:
உயிர்வேதியியல் பாடம் எடுப்பவன். அந்த 95 சதவீதக் கதையை வருடத்துக்கு ஒரு மாணவராவது என்னிடம் கொண்டுவருவார், அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

எண் ஏறக்குறைய சரிதான். உடம்பில் இருக்கும் செரட்டோனினில் 90 சதவீதத்துக்கு மேல் குடல் சுவரில் உள்ள செல்களில் உருவாகிறது. ஆனால் அது அங்கே செய்வது குடலின் வேலை: உணவை நகர்த்துவது, குமட்டலைக் கிளப்புவது போன்றவை. மூளைக்கும் ரத்தத்துக்கும் நடுவே ஒரு தடுப்பு இருக்கிறது. குடலில் உருவான செரட்டோனின் அதைத் தாண்டிப் போகாது. மூளை தனக்கு வேண்டியதைத் தானே தயாரித்துக்கொள்கிறது. ஆக, வீடியோக்காரர் சொன்ன முதல் வாக்கியம் உண்மை, ‘அதனால்’ என்று ஆரம்பித்த இரண்டாவது வாக்கியம் அதிலிருந்து வரவில்லை. டப்பாவை விற்பது அந்த ‘அதனால்’தான்.

மூளைக்குள் போகக்கூடியது செரட்டோனினின் மூலப்பொருளான டிரிப்டோபான். புரதத்தில் இருக்கும் ஓர் அமினோ அமிலம். இங்கேதான் வேடிக்கை. டிரிப்டோபானும் இன்னும் ஐந்தாறு அமினோ அமிலங்களும் ஒரே வாசல் வழியாகத்தான் மூளைக்குள் நுழைய வேண்டும். கூட்டமான பேருந்தின் படிக்கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். முண்டியடிக்கும் கூட்டத்தில் டிரிப்டோபான்தான் எண்ணிக்கையில் குறைவு. முட்டையோ மீனோ சாப்பிட்டால் டிரிப்டோபான் கூடும், ஆனால் போட்டியாளர்கள் அதைவிட அதிகமாகக் கூடிவிடுவார்கள். அதனால் புரதம் நிறையச் சாப்பிட்டால் மூளைக்குள் டிரிப்டோபான் நுழைவது சிரமமாகிறது. வெறும் மாவுச்சத்து சாப்பிட்டாலோ இன்சுலின் சுரந்து போட்டியாளர்களைத் தசைகளுக்குள் தள்ளிவிடும், படிக்கட்டு காலியாகும். 1970களின் தொடக்கத்தில் ஃபெர்ன்ஸ்ட்ராம், வுர்ட்மன் இருவரும் எலிகளில் இதைக் காட்டினார்கள்.

மொட்டைமாடி:
அப்படியென்றால் மனசு சரியில்லாதபோது இனிப்பு சாப்பிடத் தோன்றுவது சரிதானா? எனக்கு அனுமதிச் சீட்டு கிடைத்த மாதிரி இருக்கிறது.

குடுவை:
சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அந்தச் சோதனையில் எலிகளுக்குக் கொடுத்தது புரதமே இல்லாத மாவுச்சத்து. சாப்பாட்டில் கொஞ்சம் புரதம் கலந்தாலே அந்த விளைவு காணாமல் போகிறது. நாம் சாப்பிடும் ரொட்டி, சோறு எல்லாவற்றிலும் அந்தக் கொஞ்சம் இருக்கிறது. சர்க்கரை சாப்பிட்டால் உற்சாகம் வருமா என்று நடந்த ஆய்வுகளை எல்லாம் 2019-இல் சேர்த்துப் பார்த்தார்கள். உற்சாகம் வரவில்லை. முதல் ஒரு மணி நேரத்திலேயே அசதி கூடி, விழிப்பு குறைந்ததுதான் தெரிந்தது.

இனிப்பு சாப்பிட்டதும் ஏன் இதமாக இருக்கிறது என்று கேட்டால், அது இனிப்பு, அதனால்தான். நாக்கு கொடுக்கும் சுகத்துக்குச் செரட்டோனின் விளக்கம் தேவையில்லை.

கரண்டி:
பதினாலு வருடமாக உணவியல் ஆலோசகராக வேலை செய்கிறேன். மொட்டைமாடி, உங்கள் பதிவைப் படித்ததும் என் கண் குடலுக்குப் போகவில்லை, கடிகாரத்துக்குத்தான் போனது. முந்தின இரவு சாப்பாட்டுக்கும் மறுநாள் உண்மையான சாப்பாட்டுக்கும் நடுவே எத்தனை மணி நேரம் என்று எண்ணிப் பாருங்கள். பதினெட்டு வரும் என்று நினைக்கிறேன்.

வெறும் வயிற்றில் நெடுநேரம் இருக்கும்போது சர்க்கரை அளவு ஆபத்தாக இறங்காமல் உடம்பு பார்த்துக்கொள்ளும். ஆனால் அதற்காக அது கூப்பிடுவது அட்ரினலின், கார்ட்டிசால் மாதிரி அவசரகால ஹார்மோன்களை. படபடப்பு, கை லேசாக நடுங்குவது, வியர்வை, எதைக் கண்டாலும் எரிச்சல். பதட்டத்துக்கும் இதே முகம்தான். உள்ளே இருப்பவருக்கு இது பசி, இது பதட்டம் என்று பிரித்துச் சொல்ல முடியாது. என்னிடம் வருபவர்களில் பாதிப் பேர் “எனக்குப் பசிக்கவே இல்லை, கோபம்தான் வருகிறது” என்பார்கள். காபி பசியை மறைத்துவிடுகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

காபி பற்றி. காஃபீன் உடம்பில் பாதியாகக் குறையச் சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும். கருத்தடை மாத்திரை எடுப்பவர்களுக்கு இதைப் போல இரண்டு மடங்குகூட ஆகலாம். ஆறு மணிக்குக் குடித்ததில் பாதி பதினொரு மணிக்கும் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம் வரை சரி, கர்ப்பிணிகளுக்கு 200 என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் கணக்கு. ஆனால் பதட்ட சுபாவம் உள்ளவர்களுக்கு அதற்கு முன்பே படபடப்பு ஆரம்பித்துவிடும்.

ஒரே நாளில் நிறுத்திவிடாதீர்கள். 12 முதல் 24 மணி நேரத்தில் தலைவலி, சோர்வு, எரிச்சல் எல்லாம் வரிசையாக வரும், ஒரு வாரம்கூட இழுக்கும். “காபியை விட்டேன், டிப்ரெஷன் வந்துவிட்டது” என்று சொல்பவர்கள் பலர் அந்த வாரத்தைத்தான் சொல்கிறார்கள். முதலில் ஆறு மணிக் கோப்பையை எடுங்கள். நாலைந்து நாள் கழித்து அடுத்தது.

அப்புறம் ஒரு ரத்தப் பரிசோதனை: ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது), பி12, தைராய்டுக்கு டிஎஸ்எச். மாத்திரை டப்பாவை அதற்கு அப்புறம் பேசுவோம்.

பழைய ரேடியோ:
பசிக்கும் புத்திக்கும் என்ன உறவு என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி எனக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன். அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 1944 நவம்பரில் ஏன்சல் கீஸ் என்ற உடலியலாளர் ஒரு சோதனை ஆரம்பித்தார். போர் முடிந்தால் ஐரோப்பாவில் பட்டினி கிடந்தவர்களை எப்படித் தேற்றுவது என்று தெரிய வேண்டும். போருக்குப் போக மனசாட்சி இடம் தராதவர்கள் 36 பேர் தாமாக முன்வந்தார்கள். எல்லோரும் இளைஞர்கள், உடம்பும் மனசும் உறுதி என்று சோதித்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள்.

மூன்று மாதம் நன்றாகச் சாப்பிட வைத்தார்கள். அப்புறம் ஆறு மாதம் அதில் ஏறக்குறைய பாதி, அதாவது தினம் சுமார் 1,600 கலோரி. கவனியுங்கள், அது முழுப் பட்டினி இல்லை. இன்றைக்கு எடை குறைக்க எத்தனையோ பேர் இதைவிடக் குறைவாகச் சாப்பிடுகிறார்கள். ஆனால் அவர்களுக்கு வாரத்துக்கு 35 கிலோமீட்டர் நடையும் உண்டு.

உடல் எடையில் கால்வாசி போனது. அது எதிர்பார்த்ததுதான். அவர்கள் ஆட்களே மாறிப்போனதுதான் விஷயம். சிரிப்பு நின்றது. தனியாக உட்கார ஆரம்பித்தார்கள். பெண்கள் மேல், அரசியல் மேல், படிப்பு மேல் இருந்த ஆர்வம் எல்லாம் வற்றியது. சமையல் குறிப்புப் புத்தகங்களை வாங்கி நாவல் மாதிரி வாசித்தார்கள். தட்டில் இருப்பதை மணிக்கணக்கில் பிசைந்து, கலந்து, கடைசியில் தட்டையே நக்கினார்கள். எரிச்சலும் சோர்வும் மாறி மாறி. ஒருவர் கோடரியால் தன் விரல்களை வெட்டிக்கொண்டார். வேண்டுமென்றா, தவறியா என்று பின்னால் அவராலேயே உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

அவர்களுக்கு மனநோய் எதுவும் இல்லை, சாப்பாடு மட்டும்தான் குறைந்தது. பழையபடி போட ஆரம்பித்ததும் உடனே சரியாகவும் இல்லை, மாதக்கணக்கில் ஆனது. நான் பசியோடு இருக்கும்போது எடுத்த முடிவுகளை எல்லாம் இப்போது கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன். ஓய்வு பெற்றவன், பார்க்க நிறைய முடிவுகள் இருக்கின்றன.

மீன்மாத்திரை:
இவ்வளவு பேசுகிறீர்கள், மீன் எண்ணெயில் இருக்கும் ஒமேகா-3 பற்றி ஒருவரும் வாயைத் திறக்கவில்லையே? நான் இரண்டு வருடமாக எடுக்கிறேன். மனசு தெளிவாக இருக்கிறது. கூடவே வைட்டமின் டி.

சந்தேகி:
என் பெயருக்கு வேலை வந்துவிட்டது.

அமெரிக்காவில் 18,000-க்கு மேற்பட்டவர்களிடம், ஐம்பது வயது தாண்டியவர்களிடம், ஐந்து வருடம் இதையே சோதித்தார்கள். சிலருக்கு நிஜ மாத்திரை, சிலருக்கு வெறும் மாத்திரை, யாருக்கு எது என்று எடுப்பவருக்கும் தெரியாது. வைட்டமின் டி மனச்சோர்வைத் தடுக்கவில்லை (2020). மீன் எண்ணெயும் தடுக்கவில்லை (2021). ஐரோப்பாவில் நாலு நாடுகளில் 1,025 பேரிடம், எடை கூடுதலாக, லேசான சோர்வு அறிகுறிகளோடு இருந்தவர்களிடம், ஒரு வருடம் பல சத்து மாத்திரையைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2019-இல் முடிவு வந்தது, பலன் இல்லை.

மீன்மாத்திரை:
அப்படியானால் எனக்கு ஏன் தெளிவாக இருக்கிறது?

சந்தேகி:
தெரியாது. அதே சமயத்தில் வேறு என்னென்ன மாற்றினீர்கள்?

மீன்மாத்திரை:
வேலையை மாற்றினேன். ஆனால் அது வேறு விஷயம்.

நடுப்பக்கம்:
😄

குடுவை:
மீன்மாத்திரைக்காக ஒரு வார்த்தை. சந்தேகி சொன்ன பெரிய சோதனைகள், மனச்சோர்வு இல்லாதவர்களுக்கு அது வராமல் தடுக்குமா என்று கேட்டவை. ஏற்கெனவே மனச்சோர்வு இருப்பவர்களுக்கு மருந்தோடு சேர்த்து மீன் எண்ணெய், அதுவும் ஈபிஏ என்ற ஒமேகா-3 வகை அதிகம் உள்ளது, கொடுத்த சிறு ஆய்வுகளில் ஓரளவு நல்ல முடிவு வந்திருக்கிறது. இரண்டும் வேறு கேள்விகள். ஆனால் டப்பாவின் மேல் ஒரே வாக்கியமாக அச்சடித்துவிடுகிறார்கள்.

சந்தேகி:
ஒப்புக்கொள்கிறேன். முழு உணவையே மாற்றிப் பார்த்த சோதனையையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் எதையும் நம்பாதவன் என்று ஆகிவிடும். ஆஸ்திரேலியாவில் ஃபெலிஸ் ஜாக்காவின் குழு 2017-இல் வெளியிட்டது. மனச்சோர்வும் மோசமான சாப்பாட்டுப் பழக்கமும் உள்ள 67 பேர், 12 வாரம். ஒரு தரப்புக்கு உணவியல் ஆலோசகர்: காய், பழம், முழு தானியம், பருப்பு, மீன், ஆலிவ் எண்ணெய் என்று பழக்கினார். மறுதரப்புக்கு அதே அளவு நேரம் ஒருவர் வந்து நட்பாகப் பேசிக்கொண்டிருப்பார், அவ்வளவுதான். கடைசியில் முதல் தரப்பில் மூன்றில் ஒருவர் மனச்சோர்வின் எல்லையை விட்டு வெளியே வந்திருந்தார். மறுதரப்பில் அது 8 சதவீதம்.

அசந்துபோகும் எண். ஆனால் ஆட்கள் குறைவு: 67 பேர். எந்தத் தரப்பில் இருக்கிறோம் என்று எல்லோருக்கும் தெரியும், சாப்பாட்டை மறைத்துக் கொடுக்க முடியாது. “உணவு மனசை மாற்றும்” என்ற நம்பிக்கையோடு வந்தவருக்கு வெறும் அரட்டைத் தரப்பு கிடைத்தால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். அதனால் இதை நான் வெட்டி எறியவும் இல்லை, தலையில் தூக்கி வைக்கவும் இல்லை. ஏற்கெனவே எடுக்கும் சிகிச்சையோடு சேர்த்துச் செய்து பார்க்கத் தகுந்தது. கெடுதல் இல்லாத சோதனை உலகத்தில் குறைவு.

கூழாங்கல்:
படித்துக்கொண்டே வந்தேன். எல்லோரும் என்ன சாப்பிடுவது என்று பேசுகிறீர்கள். நான் மூன்று வருடத்துக்கு முன் கடுமையான மனச்சோர்வில் இருந்தவன். அங்கிருந்து பார்த்தால் இந்தப் பேச்சு எப்படிக் கேட்கும் என்று சொல்ல வேண்டும் போல் இருக்கிறது.

எனக்கு அப்போது ஒரு தட்டைக் கழுவ முடியாது. மிகைப்படுத்தவில்லை. தொட்டியில் ஒரு தட்டு, ஒரு கரண்டி. அதைக் கழுவ எழ வேண்டும், குழாயைத் திறக்க வேண்டும், சோப்பை எடுக்க வேண்டும் என்று மனசுக்குள் ஒவ்வொன்றாக எண்ணுவேன், எண்ணி முடிப்பதற்குள் களைத்துவிடுவேன். குளிர்பெட்டியைத் திறந்து அந்த வெளிச்சத்தில் நின்றிருக்கிறேன், அது கீச்சென்று சத்தம் போடும்வரை. உள்ளே காய்கறி இருந்தது. என் நண்பர் ஒருவர் வாங்கி வைத்தது, கத்தரித்துச் சமைத்தால் நல்ல உணவு. கத்தியை எடுக்க முடியவில்லை. அது அழுகி, அந்த நாற்றமும் என் குற்றப்பத்திரிகையில் சேர்ந்தது.

அந்த நேரத்தில்தான் வாதுமை சாப்பிடு, கீரை சாப்பிடு, டார்க் சாக்லேட் நல்லது என்று செய்தி செய்தியாக அனுப்பினார்கள். அன்புதான், தெரியும். ஆனால் என் காதில் “நீ சரியாகச் சாப்பிடாததால்தான் இப்படி ஆனாய்” என்று விழுந்தது. நான் சாப்பிடாமல் நோயில் விழவில்லை, நோய் வந்ததால் சாப்பிடவில்லை. அல்லது இரண்டும் ஒன்றையொன்று கீழே இழுத்தன.

மாத்திரையும் பேச்சு சிகிச்சையும்தான் என்னை வெளியே கொண்டுவந்தன. சாப்பாடு விஷயத்தில் உதவியது ஒன்றே ஒன்று. என் மருத்துவர் சொன்னார்: “நல்ல சாப்பாடு வேண்டாம். ஏதாவது சாப்பாடு, நேரத்துக்கு.” அந்த ‘நல்ல’ போனதும் மூச்சு விட முடிந்தது. ரொட்டி, பால், வாழைப்பழம். கத்தியும் வேண்டாம், அடுப்பும் வேண்டாம், தட்டும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை என் அக்கா வந்து ஆறு முட்டையை அவித்துத் தோலோடு குளிர்பெட்டியில் வைத்துவிட்டுப் போவாள். ஒரு வார்த்தை அறிவுரை கிடையாது. உரிக்கும்போது ஓடு விரலில் ஒட்டும். அதை மட்டும் பார்த்துக்கொண்டு சாப்பிட்டுவிடுவேன்.

யாருக்காவது உதவ நினைத்தால் பட்டியல் அனுப்பாதீர்கள், முட்டையை அவித்து வையுங்கள்.

கரண்டி:
கூழாங்கல், இதை என்னிடம் பயிற்சிக்கு வருபவர்களிடம் சொல்லப்போகிறேன், உங்கள் பெயர் இல்லாமல். நானே முதல் சில வருடம் அந்தப் பட்டியலை அச்சடித்துக் கொடுத்தவள்தான்.

வடக்குச்சன்னல்:
இதற்கு நேர் எதிரான கதை என்னுடையது. அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது. ஒரு வருடமாகச் சிடுசிடுப்பு, மறதி, எதிலும் பிடிப்பில்லை. கைபேசியில் பேரனோடு பேசவே மாட்டேன் என்றார். வயசாகிவிட்டது, அப்பா போன துக்கம் என்று நாங்களே தீர்ப்பு எழுதிவிட்டோம். பாதம் மரத்துப்போகிறது, செருப்பு கழன்றதே தெரியவில்லை என்று அவர் சொன்னதைச் சர்க்கரை நோய்க் கணக்கில் போட்டோம்.

புதிதாகப் பார்த்த மருத்துவர் ஒருவர்தான் மாத்திரைப் பட்டியலை வாங்கிப் படித்துவிட்டு, சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் எத்தனை வருடம், அமிலத்துக்கான மாத்திரை எத்தனை வருடம் என்று கேட்டார். பன்னிரண்டு, ஏழு. இரண்டுமே பி12 உறிஞ்சுவதைக் குறைக்குமாம். பரிசோதித்தால் அதலபாதாளத்தில் இருந்தது. ஊசி ஆரம்பித்து இரண்டு மாதத்தில் அம்மா சண்டை போடும் அளவுக்குத் தேறினார். பழைய அம்மாவின் சண்டை. கால் மரப்பு மட்டும் முழுசாகப் போகவில்லை. முன்னாலேயே பார்த்திருந்தால் போயிருக்கலாம் என்றார்கள். அது உறுத்திக்கொண்டே இருக்கிறது.

குடுவை:
உறுத்த வேண்டாம். பல வீடுகளில் பல வருடம் தவறிப்போகும் விஷயம் இது. பி12 நரம்பின் மேலுறைக்கு வேண்டும். அசைவ உணவு, பால், முட்டை தவிர வேறெதிலும் நம்பத் தகுந்த அளவில் கிடையாது. அதனால் விலங்குப் பொருள் எதையும் தொடாதவர்கள் செறிவூட்டிய உணவோ மாத்திரையோ எடுத்தே ஆக வேண்டும். வயதானவர்களுக்கு வயிற்று அமிலம் குறைந்து, சாப்பிட்டாலும் உள்ளே சேராது. ஒரு எச்சரிக்கை: பி12 குறைவாக இருக்கும்போது ஃபோலிக் அமிலம் மட்டும் எடுத்தால் ரத்தசோகை சரியான மாதிரி தெரியும், நரம்புச் சேதம் மறைவில் தொடரும்.

பழைய ரேடியோ:
ஒரே ஒரு சத்து இல்லாமல் மனநல விடுதிகள் நிரம்பிய காலமே உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென்மாநிலங்களில் பெலக்ரா. தோல் கருகும், வயிற்றுப்போக்கு, கடைசியில் புத்தி கலங்கும். தொற்றுநோய் என்று நம்பினார்கள். ஜோசப் கோல்ட்பெர்கர் என்ற அரசு மருத்துவர், விடுதியில் நோயாளிகளுக்குத்தான் வருகிறது, கூடவே இருக்கும் ஊழியர்களுக்கு வருவதில்லை என்று கவனித்தார். 1915-இல் மிசிசிப்பி சிறைப் பண்ணையில், விடுதலை தருவதாகச் சொல்லி, கைதிகளுக்குப் பெரும்பாலும் மக்காச்சோளமும் மாவுமாகப் போட்டு நோயை வரவழைத்தே காட்டினார். இன்றைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காத சோதனை. அதற்கும் நம்பாதவர்களுக்காக அவரும் நண்பர்களும் நோயாளிகளின் ரத்தத்தைத் தங்களுக்கே ஏற்றிக்கொண்டார்கள், ஒன்றும் ஆகவில்லை. காரணம் நியாசின் என்ற பி3 வைட்டமின் பற்றாக்குறை என்று 1937-இல்தான் தெரிந்தது. அதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை.

குடுவை:
நியாசினை உடம்பு எதிலிருந்து தயாரிக்கும் தெரியுமா? டிரிப்டோபானிலிருந்து. படிக்கட்டில் தொங்கிக்கொண்டிருந்த அதே ஆள்.

மாத்திரைச்சீட்டு:
மருந்தாளுநர். இந்த இழையைப் படித்துவிட்டு நாளைக்கே யாராவது எதையாவது மாற்றுவார்கள், அதனால் இரண்டு மூன்று விஷயம்.

மனநிலை ஏற்ற இறக்கத்துக்கு லித்தியம் மருந்து எடுப்பவர்கள் திடீரென்று உப்பைக் குறைக்கக் கூடாது. உப்பு குறைந்தால் சிறுநீரகம் லித்தியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ரத்தத்தில் அளவு ஏறி நச்சாகும். பழைய வகை மனச்சோர்வு மருந்துகளில் எம்ஏஓ தடுப்பான்கள் என்று ஒரு குடும்பம் உண்டு. அதை எடுப்பவர்கள் நாள்பட்ட பாலாடைக்கட்டி, நொதித்த பொருட்கள் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் ஆபத்தாக எகிறும். 1960களில் உயிர்களே போன பிறகுதான் புரிந்தது. மூலிகைதானே என்று மனச்சோர்வுக்கு விற்கும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் செடியை வாங்கி, எஸ்எஸ்ஆர்ஐ வகை மனச்சோர்வு மருந்தோடு சேர்த்து எடுக்காதீர்கள், செரட்டோனின் எல்லை மீறும். அந்தச் செடி கருத்தடை மாத்திரையின் வேலையையும் கெடுக்கும்.

முக்கியமாக, சாப்பாடு நன்றாக இருக்கிறது என்று மனநல மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

நெறியாளர்:
‘7 நாளில் மூளை டீடாக்ஸ்’ விளம்பரப் பதிவு இரண்டாவது முறையாக நீக்கப்பட்டது. இன்னொன்று: யாரோ கலோரிக் கணக்கு எழுதும் பட்டியலைப் பகிர்ந்திருந்தார்கள், அதையும் எடுத்திருக்கிறேன். சாப்பாட்டோடு போராடி மீண்டவர்கள் இங்கே இருக்கிறார்கள், அவர்களுக்கு எண்ணுவதே நோயைத் திரும்பக் கொண்டுவரும். எதைச் சாப்பிட்டால் மனசு எப்படி இருந்தது என்று எழுதிப் பார்க்க விரும்பினால் நேரத்தையும் மனநிலையையும் மட்டும் எழுதுங்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் இழையில் பதில் வரும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவரையோ பக்கத்தில் இருப்பவரையோ கூப்பிடுங்கள்.

மொட்டைமாடி:
ஐந்து வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

கரண்டி அக்கா சொன்ன பரிசோதனை எடுத்தேன். பி12, தைராய்டு சரி. ஹீமோகுளோபின் எல்லைக்குள்ளேதான் இருந்தது, ஆனால் ஃபெரிட்டின் 9. மருத்துவர், 15-க்குக் கீழே என்றால் சேமிப்பு காலி என்று அர்த்தம் என்றார். ஏன் இறங்கியது என்று கேட்டுக் கேட்டுக் கடைசியில் மாதவிடாயில் வந்து நின்றோம், அதற்குத் தனியாகப் பார்க்கிறார்கள். இரும்பு மாத்திரை ஓடுகிறது.

காலையில் ஒரு முட்டையும் ரொட்டியும். மதியம் ஒரு மணிக்குக் கைபேசி அடிக்கும், எழுந்துவிடுவேன். முதல் வாரம் எல்லோரும் என்னைப் பார்ப்பதாகத் தோன்றியது, யாரும் பார்க்கவில்லை. ஆறு மணிக் காபியும் நாலு மணிக் காபியும் போய்விட்டன. மூன்றாவது நாள் தலைவலியில் செத்தேன். தூக்கம் முதலில் திரும்பியது. எரிச்சல் குறைந்தது, ஆனால் எது செய்த வேலை என்று சந்தேகி கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

இன்னொன்றும் தெரிந்தது. நேரத்தையும் மனநிலையையும் எழுதி வைத்தேன் இல்லையா? செவ்வாய், வியாழன் மட்டும் இப்போதும் ஐந்து மணிக்குக் கொதிக்கிறது, சாப்பிட்டிருந்தாலும். அந்த இரண்டு நாளும் நாலரைக்கு ஒரு மேலாளரோடு கூட்டம். அதை எந்தக் கீரையும் சரிசெய்யாது. கூழாங்கல் சொன்ன பேச்சு சிகிச்சைக்கு அடுத்த வாரம் நேரம் வாங்கியிருக்கிறேன்.

சந்தேகி:
நாலைந்தை ஒன்றாக மாற்றியிருக்கிறீர்கள், எது வேலை செய்தது என்று கண்டுபிடிக்க முடியாது. ஆய்வுக்கட்டுரைக்கு ஆகாது. வீட்டுக்கு ஆகும். வாழ்த்துகள்.

மொட்டைமாடி:
ஒரு சந்தேகம் மிச்சம் இருக்கிறது. இரும்பு மாத்திரை வயிற்றைக் கட்டிப்போட்டுவிட்டது. கூச்சமாக இருக்கிறது, இருந்தாலும் கேட்கிறேன். நிறுத்திவிடலாமா?

கரண்டி:
நிறுத்த வேண்டாம், இது ரொம்ப சகஜம். தினம் எடுப்பதைவிட ஒரு நாள் விட்டு ஒரு நாள் எடுத்தால் ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் அதிகம் உள்ளே சேர்கிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன, வயிறும் தாங்கும். உங்கள் மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். தண்ணீர், பழம், பருப்பு கூட்டுங்கள். காலைக் காபியோடு சேர்த்து விழுங்குகிறீர்களா?

மொட்டைமாடி:
ஆமாம்.

கரண்டி:
அதுதான் நினைத்தேன். காபிக்கு ஒரு மணி நேரம் முன்னால் எடுங்கள், ஆரஞ்சோ எலுமிச்சைச் சாறோ கூட இருக்கட்டும். காபி இரும்பைப் பாதி வழியில் பிடித்து வைத்துக்கொள்ளும்.